கட்டிப்போட்ட காலமும் கட்டவிழ்த்த காலமும்

முதியவர் ஒருவர் வீட்டில் விழுந்துவிட்டால் அன்றிலிருந்து அந்த இல்லத்தின் பேச்சே மாறிவிடுகிறது. "எழுந்திருக்காதீங்க வாப்பா", "உட்கார்ந்தே இருங்க உம்மா" என்னும் சொற்களே காலை முதல் இரவு வரை ஒலிக்கின்றன. அவருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோயும் இருந்துவிட்டால், சொன்ன சொல் நினைவில் தங்குவதில்லை. ஐந்து நிமிடத்தில் மீண்டும் எழுகிறார். அதன்பின் குடும்பத்தார் சொல்லை விட்டுச் செயலில் இறங்குகின்றனர். கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி வருகிறது. அறைக்கு வெளியே தாழ்ப்பாள் விழுகிறது. தூக்க மாத்திரை ஒன்று கூடுகிறது. சில இல்லங்களில் பழைய துப்பட்டா ஒன்று நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் சுற்றப்படுகிறது. இவற்றைச் செய்வோர் கல்நெஞ்சர் அல்லர். இடுப்பெலும்பு முறிந்துவிடுமே என்னும் அச்சத்தாலும், பல இரவுகள் விழித்திருந்த களைப்பாலும் செய்கின்றனர்.

இந்த அச்சத்திற்கும் இந்தக் கட்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. பெரும் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் நம்மைப் போலவே அஞ்சின. நம்மைப் போலவே கட்டின. பிறகு, கட்டியதால் என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பார்த்தன. எண்ணிப் பார்த்தபின் கட்டை அவிழ்த்தன. அவர்கள் பல உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடத்தை நம் இல்லங்கள் இலவசமாகவே பெற்றுக்கொள்ளலாம். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கிலியின் காலம்

அறிவு தடுமாறியவர்களை நோயாளிகளாகக் கருதி மருத்துவமனையில் இடமளித்த பெருமை இஸ்லாமிய நாகரிகத்திற்கு உண்டு. 1154-இல் டமாஸ்கஸில் நூருத்தீன் ஸன்கீ நிறுவிய பீமாரிஸ்தானும், 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய பீமாரிஸ்தானும் வக்ஃபு வருவாயில் இயங்கின. செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி அவை நோயாளிகளை ஏற்றன. அறிவு தடுமாறியவர்களுக்கும் அவற்றில் இடமிருந்தது. நாம் பெருமையோடு நினைவுகூரும் செய்தி இது.

ஆனால் அந்தப் பெருமையின் பிற்கால நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன், அதே கலாவூன் மருத்துவமனையில் மனநோயாளிகள் சிறு அறைகளில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததைப் பதிவு செய்தார். வக்ஃபு நலிந்து, பணியாளர் குறைந்து, கவனிப்பு தேய்ந்த இடத்தில் இரும்பு இருந்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஓர் அறநிலையமும் ஆள்பலம் இழந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதுவே சான்று.

ஐரோப்பாவின் நிலை இதைவிட மேலாக இருந்ததில்லை. பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகளின் சங்கிலிகளை மருத்துவர் ஃபிலிப் பினேல் அறுத்தெறிந்ததாக ஓவியங்கள் காட்டுகின்றன. உண்மையில் அங்கே 1797-இல் அதைச் செய்தவர் கண்காணிப்பாளராக இருந்த ஜான் பப்தீஸ்த் புசேன் என்பவர். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். நோயாளிகளோடு பகலும் இரவும் வாழ்ந்தவர். பினேல் பின்னர் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் அதே வழியைப் பின்பற்றினார். எனினும் இரும்பு போன இடத்தில் கைகளை இறுக்கிக் கட்டும் துணிச்சட்டை வந்தது. பொருள் மென்மையாயிற்றே தவிரக் கட்டு ஒழியவில்லை.

அந்தத் துணிக்கட்டையும் ஒழிக்க முடியும் என்று காட்டியவர் இங்கிலாந்தின் லிங்கன் நகர மருத்துவர் ராபர்ட் கார்டினர் ஹில். 1838-இல் அவர் தம் மனநல மருத்துவமனையில் எல்லா வகைக் கட்டுகளையும் நீக்கினார். அடுத்த ஆண்டில் இலண்டனை அடுத்த ஹான்வெல் மருத்துவமனையில் ஜான் கொனோலி அதையே பன்மடங்கு பெரிய அளவில் செய்தார். ஹில் முன்வைத்த நிபந்தனை நம் கவனத்திற்குரியது. தகுந்த கட்டடமும், போதிய எண்ணிக்கையில் விழிப்புள்ள பணியாளரும் இருந்தால் கட்டுக்குத் தேவையே எழாது என்பது அவர் கருத்து. கட்டு என்பது நோயின் தேவையால் வருவதில்லை. கைகள் குறைவதால் வருகிறது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

படுக்கையே கட்டான காலம்

1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண்மணி ஒருவர் அழைத்து வரப்பட்டார். தம் பெயரை எழுதத் தொடங்கி இடையிலேயே மறந்துபோன அவரை மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர் கவனமாக ஆராய்ந்தார். அவர் இறந்தபின் மூளையைச் சோதித்து, கண்டவற்றை 1906 நவம்பரில் டூபிங்கன் நகரில் அறிவித்தார். 1910-இல் அந்நோய்க்கு அல்ஸைமர் பெயரே சூட்டப்பட்டது. மறதிநோய்க்குப் பல காரணங்கள் உண்டெனினும், மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டதே தவிர, முதியோரின் நிலை மாறவில்லை. மாற்றம் 1935-இல் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் தொடங்கிற்று. அருகிலிருந்த ஏழையர் விடுதி மருத்துவமனையின் 700-க்கும் மேற்பட்ட நோயாளிகள் மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவரின் பொறுப்பில் வந்தனர். அவர்களில் மிகப் பலர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்த முதியோர். இவர்களுக்கு என்ன நோய் என்று சரிவரச் சோதித்தவர் அதுவரை எவருமில்லை. வாரன் ஒவ்வொருவரையும் சோதித்தார். எழுப்பி உட்கார வைத்தார். நிற்கவும் நடக்கவும் பயிற்சி அளித்தார். இனி எழவே மாட்டார் என்று கைவிடப்பட்டவர்கள் எழுந்தனர். பலர் வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் என்னும் துறை பிரிட்டனில் பிறந்தது இவ்வாறே.

1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் மருத்துவர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தசை மெலிதல், மூட்டு இறுகுதல், எலும்பின் வலுக் குறைதல், படுக்கைப்புண், இரத்தம் உறைதல் எனப் படுக்கை தரும் நோய்களை அவர் வரிசைப்படுத்தினார். விழாமல் இருக்கப் படுக்க வைத்தால், எழும் நாளில் விழுவது உறுதியாகிறது என்பது இவ்விருவரின் பணியாலும் தெளிவாயிற்று.

விழுந்தவரை எண்ணியவர்

முதியோர் விழுவது இயல்பு, அதில் ஆராய என்ன இருக்கிறது என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகர மருத்துவர் ஜே. எச். ஷெல்டன் அவ்வாறு எண்ணவில்லை. 202 முதியோருக்கு நேர்ந்த 500 விழுதல்களை ஆராய்ந்து அவர் 1960-இல் கட்டுரை வெளியிட்டார். எங்கே விழுந்தார், எதில் தடுக்கினார், தலை சுற்றிற்றா, கால் திடீரென மடங்கிற்றா என ஒவ்வொன்றையும் அவர் கேட்டறிந்தார். விழுதல் ஒரே நிகழ்வன்று, பல காரணங்கள் கூடும் இடம் என்பது அவர் கண்ட உண்மை. அவருக்குப் பின்வந்த பெர்னார்ட் ஐசக்ஸ் என்னும் முதியோர் மருத்துவர், முதுமையை வீழ்த்தும் நான்கு பெரும் பூதங்களைப் பட்டியலிட்டார். அசைவின்மை, நிலைதடுமாறி விழுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடின்மை, அறிவாற்றல் குறைதல் ஆகியவையே அவை. மறதிநோய் கண்ட முதியவரிடம் இந்த நான்கும் பெரும்பாலும் ஒன்றையொன்று கைகோத்தே வருகின்றன.

அது ஏன் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நலம். மறதிநோய் நினைவை மட்டும் தாக்குவதில்லை. தரையின் பள்ளம் மேட்டைக் கண் சரியாக அளப்பதில்லை. கறுப்பு மிதியடி குழியாகத் தோன்றுகிறது. பளபளக்கும் தரை ஈரமாகத் தோன்றுகிறது. நடையும் கவனமும் ஒருசேர இயங்குவதில்லை. சுவீடனில் முதியோர் 58 பேரிடம் நடந்துகொண்டிருக்கும்போதே பேச்சுக் கொடுத்துப் பார்த்தனர். 1997-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பதில் சொல்ல வேண்டி நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் அடுத்த 6 மாதத்திற்குள் விழுந்தனர். இத்தகையவரைக் கூடத்திலிருந்து உரத்துக் கூப்பிடுவதே விழவைக்கப் போதும் என்பதை நாம் இதிலிருந்து அறியலாம்.

அமெரிக்கா கற்ற பாடம்

இவ்வளவு அறிந்தபின்னும் கட்டு ஒழியவில்லை. 1965-க்குப் பின் அமெரிக்காவில் அரசின் மருத்துவ நிதியுதவி கிடைக்கவே முதியோர் இல்லங்கள் பெருகின. அங்கே வாழ்ந்தவர்களில் மறதிநோய் கண்டோர் ஏராளம். மார்பைச் சுற்றிக் கட்டும் துணிச்சட்டை, இடுப்புப் பட்டை, மணிக்கட்டுக் கயிறு, எழ முடியாதபடி முன்பலகை பூட்டிய நாற்காலி ஆகியவை அன்றாடப் பொருள்களாயின. 1980-களில் பத்தில் நால்வர் என்னும் அளவிற்கு முதியோர் கட்டப்பட்டிருந்தனர். காரணம் கேட்டால் எல்லாரும் ஒரே விடையைச் சொன்னார்கள்: விழாமல் இருக்கவே கட்டுகிறோம். விழுந்தால் வழக்கு வருமே என்னும் அச்சமும், இரவுப் பணியில் ஆள் போதாமையும் அந்த விடைக்குப் பின்னால் இருந்தன.

செவிலியர் துறைப் பேராசிரியர்களான லோயிஸ் எவன்ஸ், நெவில் ஸ்டரம்ஃப் ஆகிய இரு பெண்மணிகள், இந்த நம்பிக்கைக்குச் சான்று எங்கே என்று தேடினர். கட்டினால் விழுதல் குறையும் என்பதற்கு எந்த ஆய்வும் ஆதாரம் தரவில்லை என்று 1989-இல் அவர்கள் எழுதினர். பென்சில்வேனியா மாநிலத்தில் குவேக்கர் சமயத்தார் நடத்திய கெண்டல் என்னும் முதியோர் குடியிருப்பு, எவரையும் கட்டாமலே பராமரித்துக் காட்டியது. அதற்கு முன்னரே, 1987-இல், அமெரிக்க நாடாளுமன்றம் முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியிருந்தது. தண்டனைக்காகவோ பணியாளரின் வசதிக்காகவோ எவரையும் கட்டலாகாது என்னும் விதி 1990-இல் நடைமுறைக்கு வந்தது.

அதன்பின் உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. கட்டுகளால் நேர்ந்த 122 மரணங்களை இரு ஆய்வாளர்கள் தொகுத்து 1992-இல் வெளியிட்டனர். நாற்காலியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ சறுக்கி இறங்கும்போது, மார்பில் கட்டிய பட்டை மூச்சை அடைத்துவிடுகிறது. காப்பதற்காகக் கட்டியதே உயிரைப் பறித்தது. அதே ஆண்டில் மேரி டினெட்டி என்னும் மருத்துவரின் குழு, 12 இல்லங்களில் 397 பேரைக் கண்காணித்த முடிவை வெளியிட்டது. கட்டப்படாதவர்களில் 5 விழுக்காட்டினரும், கட்டப்பட்டவர்களில் 17 விழுக்காட்டினரும் விழுந்து கடுங்காயம் அடைந்திருந்தனர். நலிந்தவரையே கட்டியிருப்பார்கள், அதனால்தான் இந்த வேறுபாடு என்று ஐயம் எழலாம். அந்த வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பின்னும் கட்டப்பட்டவரே மிகுதியாகக் காயமடைந்தனர் என்பதே முடிவு.

1999-இல் மற்றொரு செய்தி வந்தது. 16 இல்லங்களில் பணியாளருக்குப் பயிற்சி அளித்து, கட்டப்பட்டோர் அளவை 41 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைத்தனர். கடுங்காயங்கள் குறைந்தன. அதே நேரத்தில் சிறு விழுதல்களும் சிராய்ப்புகளும் சற்றுக் கூடின. இந்த இரண்டாவது செய்தியையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். அவிழ்த்துவிட்டால் எவரும் விழவே மாட்டார் என்று வரலாறு வாக்களிக்கவில்லை. நடக்கும் மனிதர் எப்போதாவது இடறுவார். நடக்க விடப்படாதவரோ தசை தேய்ந்து, திமிறி, நாற்காலியோடு விழுகிறார். எந்த ஆபத்தை ஏற்பது என்பதே குடும்பத்தின் முன்னுள்ள தெரிவு.

கட்டுக்கு மாற்றாக வந்தது

மேரி டினெட்டி 1988-இல் 75 வயதைக் கடந்த 336 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டிருந்தார். ஓராண்டில் மூவரில் ஒருவர் அளவில் விழுந்தனர். தூக்க மாத்திரைகளும், அறிவாற்றல் குறைவும், கால்களின் குறைபாடுகளும், நடைத் தடுமாற்றமும் முன்னணிக் காரணங்களாக இருந்தன. காரணங்கள் கூடக் கூட விழும் வாய்ப்பும் கூடிற்று. ஆகவே காரணங்களை ஒவ்வொன்றாகக் குறைத்தால் என்ன என்று 301 பேரிடம் சோதித்தார். மருந்துகளைத் திருத்துதல், தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி, வீட்டின் குறைகளைக் களைதல் ஆகியவற்றால், ஓராண்டில் விழுந்தோர் அளவு 47-க்குப் பதில் 35 விழுக்காடாக இருந்தது. 1994-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் பின்பற்றப்பட்டது.

மறதிநோய் கண்டவருக்கும் இது பயன்படுமா? இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் இதைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். விழுந்து மருத்துவமனைக்கு வந்த, அறிவாற்றல் குறைந்த 274 பேரில் சோதனை நடந்தது. முயற்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 80 விழுக்காட்டினரும் ஓராண்டில் மீண்டும் விழுந்தனர். உறுதியான வேறுபாடு என்று கொள்ளத்தக்கதன்று. ஒருமுறை வந்து பார்த்து அறிவுரை சொல்லிச் செல்வதால் மறதி கண்டவர் மாறமாட்டார். அறிவுரை அவரிடம் தங்காது. 2013-இல் பின்லாந்திலிருந்து நம்பிக்கை தரும் செய்தி ஒன்று வந்தது. அல்ஸைமர் நோயோடு தம் வாழ்க்கைத் துணையுடன் வீட்டில் வாழ்ந்த 210 பேரிடம் அந்த ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் இல்லத்திற்கே பயிற்றுநர் வாரம் இருமுறை சென்று, ஓராண்டு முழுவதும் உடற்பயிற்சி அளித்தார். பயிற்சி பெறாதோரை ஒப்பிட அவர்கள் விழுந்தது வெகுவாகக் குறைந்தது. நோயாளியின் நினைவை நம்பிய முயற்சி தோற்றது. அருகில் ஒருவர் வந்து, கைகொடுத்து, வாரந்தோறும் தொடர்ந்த முயற்சி வென்றது.

நம் மண்ணில்

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கூரை விடுதி ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். தர்காவை நாடி வந்த குடும்பங்கள், தம்மால் பார்த்துக்கொள்ள இயலாமல் அங்கே விட்டுச் சென்றவர்கள் அவர்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இந்நிகழ்வை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளை எவ்வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடை செய்தது.

அவர்கள் மறதிநோய் கண்ட முதியோர் அல்லர் என்பது உண்மை. ஆயினும் கட்டியோர் சொன்ன காரணம் கெய்ரோவிலும் பாரிஸிலும் அமெரிக்காவிலும் சொல்லப்பட்டதே: எழுந்து போய்விடுவார், தமக்கே தீங்கு தேடிக்கொள்வார். துப்பட்டாவால் நாற்காலியோடு சுற்றப்படும் நம் வீட்டுப் பெரியவரும் இந்த வரலாற்றின் ஓரத்திலேயே அமர்ந்திருக்கிறார்.

ஏன் எழுந்தார் என்னும் வினா

கட்டை அவிழ்த்த இடங்களிலெல்லாம் முன்னர்க் கேட்கப்படாத வினா ஒன்று கேட்கப்பட்டது: அவர் ஏன் எழுந்தார்? மறதி கண்டவர் காரணமின்றி எழுவதில்லை. காரணத்தைச் சொல்லத்தான் அவரால் இயலவில்லை. சிறுநீர் முட்டுகிறது, பசிக்கிறது, முதுகு வலிக்கிறது, இறந்துபோன மனைவியைத் தேடுகிறார். நம் இல்லங்களில் இன்னொரு காரணமும் உண்டு. அறுபது ஆண்டுகள் பஜ்ருக்கு எழுந்த உடல், நேரம் மறந்த பின்னும் எழுகிறது. இரவு இரண்டு மணிக்கு அவர் இருளில் ஒளூச் செய்யக் கிளம்பினால், அது பிடிவாதமன்று. உடலில் ஊறிய இபாதத்.

ஷெல்டன் செய்ததை ஒவ்வொரு குடும்பமும் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்த நேரத்தில், எங்கே, எதற்காக எழுந்து விழுந்தார் அல்லது தடுமாறினார் என்று இரண்டு வாரம் குறித்து வைத்தால், ஒழுங்கு ஒன்று புலப்படும். இரண்டரை மணிக்குக் கழிப்பறைக்கு எழுபவரை இரண்டு மணிக்கே நாம் எழுப்பிக் கைபிடித்து அழைத்துச் சென்றால், அந்த எழுச்சியின் ஆபத்து நீங்கிவிடும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். கழிப்பறைக் கதவு அவர் கண்ணில் படட்டும். கழிப்பறையில் உறுதியான கைப்பிடி இருக்கட்டும். தாண்ட முயன்று உயரத்திலிருந்து விழச் செய்யும் தடுப்புக் கம்பியைவிடத் தாழ்வான கட்டிலே பாதுகாப்பானது.

ஒளூவின் ஈரம் நம் இல்லங்களுக்கே உரிய ஆபத்து. நிற்காமல், உறுதியான முக்காலியில் அமர்ந்து ஒளூச் செய்ய ஏற்பாடு வேண்டும். எழுமுன் பாதங்களையும் தரையையும் துடைத்துவிட வேண்டும். டைல்ஸ் தரையில் வழுக்கும் முசல்லாவின் அடியில் வழுக்காத விரிப்பு வேண்டும். கணுக்காலுக்குக் கீழே தவழும் கைலியும் சேலையும், பின்பட்டையில்லாத செருப்பும் தவிர்க்கத் தக்கவை. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதிருப்பதும் ஒரு காப்பே. நினைவு போனபின் கால்கள் பழக்கத்தையே நம்பி நடக்கின்றன. பகலில் கைகோத்து நடத்துவதும், நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியும் நாள்தோறும் தொடரட்டும். தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டி, எவை தேவை என்று மறுபரிசீலனை செய்யக் கோர வேண்டும், நாமாக நிறுத்தலாகாது. கண் பார்வையையும் செவியையும் சோதிக்க வேண்டும்.

தொழுகையில் நின்றே ஆக வேண்டும் என்று தளர்ந்தவரை வற்புறுத்த மார்க்கத்தில் இடமில்லை. நபி (ஸல்) அவர்களே ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து வலப்புறம் சிராய்ப்புற்றபோது அமர்ந்து தொழுதார்கள். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நோயுற்ற தோழர் ஒருவருக்கு அறிவுறுத்தினார்கள். அறிவு முற்றும் நீங்கியவர் மீது கடமையில்லை என்பதும் மார்க்கத்தின் தெளிவு. ஆயினும் தொழ விரும்பும் பெரியவரை, "உங்களுக்குக் கடமையில்லை" என்று தடுக்க வேண்டியதில்லை. கைப்பிடியுள்ள நாற்காலியை முசல்லாவில் வைத்து, அருகில் ஒருவர் அமர்ந்தால் போதும். ரக்அத் எண்ணிக்கை பிழைத்தாலும் அவர் மனம் அமைதியுறும். அமைதியுற்றவர் அலைவது குறைவு.

இத்தனைக்குப் பின்னும் விழுந்துவிட்டால், பதறித் தூக்கலாகாது. முதலில் அவரோடு தரையில் அமர்ந்து பேச வேண்டும். வலியை அவரால் சொல்ல இயலாது. ஆகவே முகச்சுளிப்பையும் முனகலையும் நாமே படிக்க வேண்டும். ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தாலோ, காலூன்ற மறுத்தாலோ இடுப்பெலும்பு முறிவு இருக்கலாம். அசைக்காமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டிருந்தால், அதிலும் இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்பவராயின், வெளிக்காயம் இல்லாவிடினும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். அடுத்த சில வாரங்களில் உறக்கமோ குழப்பமோ கூடினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் இரத்தம் தாமதமாகவே தன்னைக் காட்டும். வழக்கமாக நடந்தவர் திடீரென அடிக்கடி விழத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிய மாத்திரை ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கக்கூடும்.

கைகள் எத்தனை

ஹில் சொன்ன நிபந்தனைக்கு மீண்டும் வருவோம். போதிய பணியாளர் இருந்தால் கட்டுக்குத் தேவையில்லை. வீட்டில் அந்தப் பணியாளர் யார்? பெரும்பாலும் ஒரே ஒரு பெண். மகள் அல்லது மருமகள். பகலில் சமையலும் பிள்ளைகளும், இரவில் விழிப்பும் அவள் பொறுப்பு. வெளிநாட்டில் இருக்கும் மகன்கள் பணம் அனுப்புகின்றனர், விடுமுறையில் வந்து, "வாப்பாவை ஏன் விழவிட்டாய்?" என்று கேட்கின்றனர். அந்தக் கேள்வியே அடுத்த நாள் துப்பட்டாவாக மாறுகிறது. கட்டியவளைக் குறை கூறுமுன், அவளுடன் எத்தனை கைகள் இருந்தன என்று எண்ணுவதே நேர்மை. வாரத்தில் இரண்டு இரவுகளை வேறொருவர் ஏற்பதும், இரவுக்குச் சம்பளத்திற்கு ஆள் அமர்த்துவதும், அக்கம்பக்கத்தார் மாலையில் ஒரு மணிநேரம் வந்து பெரியவரோடு நடப்பதும் சிறு உதவிகள் அல்ல. பள்ளிவாசல் ஜமாஅத்துகள் ஜனாஸாவுக்கு எடுக்கும் அக்கறையில் ஒரு பங்கை, உயிரோடு தளர்ந்திருப்போரின் இல்லங்களுக்கும் தரலாம்.

நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயில் பள்ளிவாசலுக்குச் செல்ல விரும்பினார்கள். கால்கள் தரையில் இழுபடும் அளவிற்குத் தளர்ந்திருந்தும், அவர்களை இருவர் இருபுறமும் தாங்கி அழைத்துச் சென்றனர். எழ வேண்டாம் என்று எவரும் தடுக்கவில்லை, தோள்களே தூண்களாயின. சல்பெத்ரியேரும் ஹான்வெலும் அமெரிக்க முதியோர் இல்லங்களும் நெடுங்காலம் அலைந்து வந்து சேர்ந்த இடமும் அதுவே. நம் பெற்றோர் எழும்போது இருபுறமும் தோள் கொடுக்கும் வலிமையையும், அந்தத் தோள்களைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.